கருப்பட்டிப் பாயசக் காபி சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத பாயசக் காபியில் முக்கியமானவை நான்கே பொருள்: ஃபில்டர் டிகாஷன், பால், வேகவைத்து அரைத்த பாசிப்பருப்பு, கருப்பட்டிப் பாகு. தனித்தனியாக நான்கும் சாது. ஒரே பாத்திரத்தில் சேரும்போதுதான் வம்பு. அளவு கூடிக் குறைந்து கெடுவதைவிட, எதை எந்தச் சூட்டில், எதற்குப் பிறகு விட்டோம் என்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் ஐந்தாவதாக ஒன்று கேட்காமலே வந்து சேரும்: ஈரக்காற்று. கருப்பட்டியைப் புளிக்க வைப்பதும் காபிப்பொடியின் வாசத்தைக் கொண்டுபோவதும் அதுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாமே பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுத்திகரிக்காதது என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. இது ருசிக்கான மாற்றம், பத்தியம் அல்ல.

இரண்டு டம்ளருக்கு அடிப்படை அளவு

காபிப்பொடி 25 கிராம் (சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்), தண்ணீர் 150 மி.லி. பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆகவே கையில் வருவது சுமார் 100 மி.லி. டிகாஷன். அதில் முதலில் இறங்கிய 80 மி.லி. போதும்.

பால் 200 மி.லி. ஆவின் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், பாயசக் கனம் வராது. பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, குழைய வேகவைத்தது. முந்திரி 4, வெந்நீரில் 20 நிமிடம் ஊறியது. இரண்டையும் சேர்த்து, வெண்ணெய் பதத்துக்கு நைஸாக அரைக்க வேண்டும். ஏலக்காய் 1, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு நாலு கல்.

பாகைத் தனியாக, மொத்தமாகக் காய்ச்சி வைத்துக்கொள்வது நல்லது. 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி 150 மி.லி. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துச் சுமார் 240 மி.லி. ஆகும்வரை கொதிக்கவிடவும். கம்பிப் பதம் வேண்டாம். டம்ளருக்கு 2 மேசைக்கரண்டி என்று கணக்கு.

சேர்க்கும் வரிசை: பாலும் பருப்பு விழுதும் சேர்த்து 3 நிமிடம் கொதிக்க வேண்டும், கிளறிக்கொண்டே. அடுப்பை அணைத்து ஏலக்காய், சுக்கு, உப்பு போட்டு 4 நிமிடம் விடவும். பிறகு டிகாஷன். கடைசியில் பாகு, அதுவும் நூலாக, கலக்கியபடி. அதற்குப் பிறகு அடுப்புப் பக்கமே போகக்கூடாது.

“பால் திரிஞ்சு போச்சு”

பத்துக்கு ஏழு புகார் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாலின் கேசின் புரதம் புளிப்புக்கும் சூட்டுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுக்காது. ஆறிய பால் கொஞ்சம் புளிப்பைத் தாங்கும். கொதிக்கிற பால் அதே புளிப்பில் உடைந்துவிடும். வெள்ளைச் சர்க்கரையில் புளிப்பே கிடையாது, அதனால் கொதிக்கிற பாலில் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. கருப்பட்டியும் வெல்லமும் அப்படி இல்லை. புதிதாக இருக்கும்போதே லேசான அமிலத்தன்மை உண்டு. ஈரம் பட்டுக் கசிய ஆரம்பித்தால் நொதித்து இன்னும் புளிக்கும். டிகாஷனுக்கும் தன் பங்குக்குப் புளிப்பு இருக்கிறது. மூன்றும் கொதிநிலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரிந்த விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்.

பாகு விட்ட கணத்திலேயே பெரிய கட்டியாகப் பிரிந்து, பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் தெரிந்தால், பால் மிகச் சூடாக இருந்திருக்கிறது அல்லது கருப்பட்டி புளித்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, அடுத்த முறைக்கு முன் ஒரு குழிக்கரண்டியில் சோதிக்கலாம்: 3 தேக்கரண்டி சூடான பால், அதில் 1 தேக்கரண்டி பாகு. கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். பால் வழுக்கி இறங்கி, உலோகத்தில் வழவழப்பான படலம் மட்டும் நின்றால் பாகு நல்ல பாகு. ரவை ஒட்டியதுபோல் பொடிப் புள்ளிகள் நின்றால் பாகு புளிப்பு.

புளித்த கருப்பட்டியில் புதிதாகக் காய்ச்சிய பாகைத் தூக்கிப் போட வேண்டாம். 240 மி.லி. பாகு கொதிக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பொங்கி நுரைக்கும். நுரை அடங்கியதும் புளிப்பும் அடங்கியிருக்கும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடை வரும், அதற்கு மருந்து இல்லை. சாராய வாடை அடிக்கிற அளவுக்குப் போன கருப்பட்டிக்கு இந்த வைத்தியமும் பலிக்காது.

காபி பார்க்க நன்றாக இருந்து, டம்ளரின் பாதிக்கு மேல் குடித்தபின் நாக்கில் திரிதிரியாகத் தட்டுப்பட்டால் காரணம் வேறு: ஆறிப்போனதென்று மறுபடி சூடு பண்ணியிருப்பீர்கள், அல்லது பாலை அதிகம் சுண்டவைத்திருப்பீர்கள். சவுகார்பேட்டை பாதாம் பால் கடைகளில் அகலச் சட்டியில் பால் சுண்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் 400 மி.லி. பாலை 200 ஆக்குவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாலுக்கு வெள்ளைச் சர்க்கரைதான் ஜோடி. சுண்டச் சுண்டப் பாலில் புரதம் அடர்த்தியாகி, புளிப்பைத் தாங்கும் சக்தி குறையும். கனம் வேண்டுமென்றால் பருப்பும் முந்திரியும் தரட்டும். பாலைச் சுண்டவைக்க வேண்டாம்.

பாகு, டிகாஷன் எதுவும் விடாமலே பால் திரிந்தால், அது பழைய பால். வெயில் காலத்தில் விடியற்காலை வாங்கிய பாக்கெட் பத்து மணிவரை மேடையிலேயே கிடந்தால் வேறென்ன ஆகும்.

காப்பாற்ற முடியுமா? பொடித்திரி என்றால் முடியும். சூடு கொஞ்சம் தணிந்ததும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். பெரிய கட்டி என்றால் காபியை மறந்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி பாகும் அரைக் கரண்டி நெய்யும் விட்டுச் சுருளக் கிளறினால் காபி மணக்கும் திரட்டுப்பால் கிடைக்கும். மோசமில்லை.

“அடியில மண்ணு நிக்குது”

டம்ளர் அடியில் நிற்பதை விரலில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று தேய்ந்து, நசுங்காமல் இருந்தால் கருப்பட்டியில் வந்த மணல். தேய்க்கத் தேய்க்க விரலில் பழுப்பு ஏறினால் காபித்தூள். வெள்ளையாக மாவுபோல் நசுங்கினால் பருப்போ முந்திரியோ சரியாக அரைபடவில்லை.

மணலுக்கு டீ வடிகட்டி போதாது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, பாகு இளக்கமாகவும் சூடாகவும் இருக்கும்போதே வடிக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் நிற்கும் கடைசி கரண்டியை ஊற்றாமல் விட்டுவிட வேண்டும். காபித்தூள் என்றால் ஃபில்டரின் ஓட்டை பெரிதாகிவிட்டது, அல்லது டிகாஷன் இறங்கும்போது யாரோ ஃபில்டரைத் தட்டியிருக்கிறார்கள். பருப்புக்கு: சூடு ஆறும் முன் அரைக்கவும். ஆறிய பருப்பு இறுகிவிடும், மிக்ஸி எவ்வளவு ஓடினாலும் குருணையாகவே நிற்கும்.

“காபி வாசமே இல்ல, வெறும் பாயசம்தான்”

டிகாஷனைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். பெரும்பாலும் அது காபியை நீர்க்கவைக்கும், அவ்வளவுதான். கூட்ட வேண்டியது டிகாஷனின் அடர்த்தியை. கருப்பட்டிக்கே வறுத்த வாசமும் மண் வாசமும் உண்டு. அது மெல்லிய டிகாஷனை விழுங்கிவிடும். 25 கிராம் பொடிக்கு 150 மி.லி.க்கு மேல் தண்ணீர் விடாதீர்கள். இரண்டாம் டிகாஷனை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

டிகாஷன் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். 15 முதல் 20 நிமிடம் சரி. ஐந்தே நிமிடத்தில் கொட்டிவிட்டால் பொடி கொரகொரப்பு, அல்லது மேல்தட்டை வைத்து அமுக்கவில்லை. ஒரு மணி நேரமாகியும் சொட்டுகூட இறங்கவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று. பொடி மிக நைஸாக இருக்கலாம், அல்லது சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுக்கும். ஓட்டை அடைத்திருக்கலாம்: மேல் பாத்திரத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் எத்தனை ஓட்டையில் வெளிச்சம் வருகிறது என்று தெரியும். பிளாஸ்டிக் பிடியில்லாத எவர்சில்வர் என்றால் அடியை அடுப்புத் தீயில் சில நொடி காட்டித் தட்டினால் அடைப்பு உதிரும். மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாது: மேல் கீழ்ப் பாத்திரங்கள் இறுகப் பொருந்தி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனை நிறுத்தி வைத்திருக்கும். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி மறுபடி வையுங்கள், உடனே சொட்டும்.

முதலில் 30 மி.லி. தண்ணீரை மட்டும் விட்டு அரை நிமிடம் பொடியை ஊறவிட்டு, பிறகு மிச்சத்தை விடுவது வித்தியாசம் காட்டும். கொதித்த தண்ணீரை அப்படியே கொட்டாமல், கொதி அடங்கியபின் விடுங்கள்.

பொடியே வாசம் இழந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர வீடுகளில் பொடி டப்பாவைத் திறந்தால் ஓரங்களில் கட்டி கட்டியாக நிற்பதைப் பார்க்கலாம். காபிக்கடையில் கால் கிலோ வாங்காமல் 100 கிராம் வீதம் அரைத்து வாங்குங்கள். இந்தப் பானத்துக்குப் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு காபிக்கொட்டை ரகங்களும் பாதிக்குப் பாதி நன்றாக இருக்கும். கருப்பட்டி ஓங்கி நிற்கிறது என்று தோன்றினால் நூறு கிராமில் கால் பங்கு ரொபஸ்டா கொட்டை சேர்க்கச் சொல்லலாம். கடைக்காரர் கேட்கும் முன்பே சிக்கரி எவ்வளவு என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் 30, 40 சதவீதம் சேர்ந்து வர வாய்ப்புண்டு.

ஏலக்காயும் குற்றவாளியாக இருக்கலாம். இரண்டு டம்ளருக்கு ஒன்று. விருந்துப் பாயசத்துக்குப் போடும் கையோடு நான்கைத் தட்டிப் போட்டால் காபி மூச்சுவிடாது.

“கசக்குது, காறலா இருக்கு”

டிகாஷனைத் தனியாகக் கொதிக்க வைத்தால் கசக்கும். சூடு வேண்டுமானால் கிண்ணத்தோடு வெந்நீரில் வையுங்கள். டிகாஷன் சரியாக இருந்தும் தொண்டையில் காறல் நின்றால் பாகு தீய்ந்திருக்கிறது. கருப்பட்டி ஏற்கெனவே கறுப்பு என்பதால் தீய்வது கண்ணுக்குத் தெரியாது, மூக்கால்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் விடாமல் கருப்பட்டியை நேராகச் சட்டியில் உருக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மூன்றாவதாக, பருப்பு: பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் அதுவும் கசக்கும்.

தீய்ந்த பாகுக்கு மாற்று இல்லை, புதிதாகக் காய்ச்சுங்கள்.

“உப்புக் கரிக்குது”

முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊரறிந்த விஷயம். காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் மெட்ரோ தண்ணீரும் (குடிநீர் வாரியம் தருவது) வடசென்னைக்கு வந்தாலும், பல அடுக்குமாடிகளில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. குழாயில் வருவது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் டிகாஷன் கறுப்பாகவே இறங்கும், ஆனால் வாயில் மொத்தையாக இருக்கும். அதற்காக எல்லாத் தண்ணீரையும் கேனில் எடுக்க வேண்டாம். தாது முழுக்க நீக்கிய கேன் தண்ணீரில் சில பொடிகள் வெடுக்கென்று புளிப்புக் காட்டும். பொங்கக் காய்ச்சித் தெளியவைத்த மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல்.

தண்ணீர் சரி என்றால் இனிப்புதான், அதுவும் கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் போட்டிருந்தால். உவர் நிலத்துக் கரும்பில் காய்ச்சிய வெல்லம் லேசாகக் கரிக்கும். வாங்கும்போது ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பாருங்கள், கொத்தவால்சாவடிக் கடைகளில் யாரும் தடுக்க மாட்டார்கள். கரிக்கிற வெல்லமாக இருந்தால் செய்முறையில் உள்ள நாலு கல் உப்பை விட்டுவிடலாம்.

கடையில் இருக்கும்போதே இன்னொன்று. சர்க்கரையைத் தவிர்க்கத்தான் கருப்பட்டி வாங்குகிறோம். அதிலேயே சர்க்கரை கலந்து விற்பது நடக்கிற கதை. உடைத்த இடத்தில் படிகம் படிகமாக மினுங்கினால் சந்தேகப்படலாம். உடன்குடிக் கருப்பட்டி என்று சொல்லி, வெல்லத்தின் விலைக்கே கொடுத்தால் சந்தேகமே வேண்டாம்.

“கஞ்சி மாதிரி ஆயிடுச்சு”

பருப்பின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். அடுப்பில் இருக்கும்போதே பாயசக் கனம் வந்துவிட்டால் டம்ளரில் கஞ்சிதான். சட்டியில் பார்க்கும்போது சாதாரணக் காபியைவிடச் சற்றே கனம் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். கெட்டியானதை இளக்க வெறும் தண்ணீர் வேண்டாம். 2 மேசைக்கரண்டி சூடான பாலை விட்டு ஆற்றுங்கள். பச்சை வாடை அடித்தால் விழுது பாலில் 3 நிமிடம் கொதிக்கவில்லை என்று அர்த்தம்.

“தேங்காப்பால்ல பண்ணேன், எண்ணெய் மிதக்குது”

தலைப்பால் கொதித்தால் கொழுப்பு பிரியும். அரை மூடித் தேங்காயில் 100 மி.லி. வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிழிந்த தலைப்பாலைத் தனியே வையுங்கள். இரண்டாம் பாலில்தான் பருப்பு விழுது கொதிக்க வேண்டும், அரைத் தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிட்டு. அணைத்து, டிகாஷனும் பாகும் சேர்த்தபின் தலைப்பாலை விட்டு ஒரே கலக்கு. இதில் நெய்யில் வறுத்த முந்திரியை மேலே போடும் ஆசை வரும். நெய்யை வடித்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மிதப்பது தேங்காய் எண்ணெயா நெய்யா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

“ஐஸ் போட்டா தண்ணியாவுது, இனிப்பு அடியில நிக்குது”

குளிர்ந்த பாலில் கனமான பாகு நேராக அடிக்குப் போய்விடும். பாகைச் சூடான டிகாஷனில் கலந்து ஆறவைத்து, பிறகு குளிர்ந்த பாலில் விடுங்கள். இந்த வரிசை சூடான காபிக்கு நேர் எதிர் என்பதைக் கவனிக்கவும். பால் குளிர்ந்திருப்பதால் திரியும் பயம் இங்கே குறைவு. இரண்டாம் டிகாஷனை வீணாக்காமல் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்தால், உருகும்போது காபி நீர்க்காது. குளிரில் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால் டம்ளருக்கு அரைக் கரண்டி பாகு கூடுதலாக வேண்டியிருக்கும். பருப்பு விழுதைப் பாதியாகக் குறையுங்கள்.

ஐஸ் காபிக்குப் பேரீச்சை கருப்பட்டியைவிட நன்றாகவே சேரும். டம்ளருக்கு 4 பழம், கொட்டை நீக்கி, 50 மி.லி. வெந்நீரில் அரை மணி ஊறவைத்து அரைத்து, தோல்நார் போகச் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் ஒவ்வொரு வாயிலும் நார் தட்டும். தேன் விடுவதானாலும் ஐஸ் காபியில் விடலாம். சூட்டில் அதன் மணம் போய்விடும். சீனித்துளசி வேண்டாம், கருப்பான டிகாஷனோடு சேர்ந்து நாக்கில் கசப்பான வால் ஒன்றை விட்டுச்செல்லும்.

“நுரை நிக்கல”

முந்திரி எண்ணெய் நுரையைக் கொல்லும். முந்திரியை நான்கிலிருந்து இரண்டாக்கி, டவராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழ உயரத்தில் நான்கைந்து முறை ஆற்றுங்கள். ஃபில்டர் காபி அளவுக்கு இதில் நுரை எதிர்பார்க்கக்கூடாது.

“பாகு பாட்டில்ல நுரைக்குது”

பாகு ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும், நனையாத கண்ணாடிப் பாட்டிலில், ஈரக்கரண்டி படாமல். தளர்வாகக் காய்ச்சிய பாகு அவ்வளவு நாள் தாங்காது, 240 மி.லி.க்கு மேல் இருந்தால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய வெள்ளை நுரை வளையம் கட்டினாலோ, மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ நொதித்துவிட்டது. மறுபடி கொதிக்கவைத்தாலும் புளிப்பு போகாது, பால் திரியும். கொட்டிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பாகை ஊற்றுங்கள்.